ஜிக் பிடித்தால் சரி

எங்கள் சர்ச்சின் அடித்தளச் சமையலறையில் உருளைக்கிழங்கு நிறுக்க ஒரு நல்ல தராசு இருக்கிறது. ஈஸ்டருக்கு உருளைக்கிழங்கு, நவம்பரில் வான்கோழி, மற்ற நாட்களில் எங்கள் சங்கத்து ஆண்களின் அறிவு, எல்லாவற்றையும் அதில்தான் நிறுப்போம். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை மேடம், எங்கள் சங்கத் தலைவர் டெல்பர்ட் க்ரௌஸும் என் நகைச்சுவைக்குச் சிரித்ததில்லை.

சம்பவம் எப்படி நடந்தது என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். விபத்துதான் என்று உங்கள் மேலதிகாரி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவசரப்படுகிறார். ஓஹையோவில் எல்லோருக்கும் எதிலும் அவசரம். நான் பல் டாக்டராக இருந்தவன், அவசரப்பட்டுப் பழக்கமில்லை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் சங்கத்தின் வேலை உங்களுக்கும் தெரியும். முதல் உலகப் போர்க் காலத்துத் துப்பாக்கிகளை அரசாங்கம் இரண்டாக அறுத்துப் பழைய இரும்பாகத் தள்ளிவிடுகிறது. அதை வாங்கி வந்து, சட்டம் அனுமதிக்கிற மட்டும், மறுபடி ஒட்டி உயிர் கொடுப்பது எங்கள் பொழுதுபோக்கு. ஓய்வு பெற்ற மற்ற ஆண்கள் மீன் பிடிக்கிறார்கள். நாங்கள் செத்ததை எழுப்புகிறோம். அதையும் சர்ச்சுக்குக் கீழே வைத்துச் செய்வதில் எங்கள் பாதிரியாருக்கு ஒரு திருப்தி.

இரண்டு துண்டு இரும்பை வெல்டிங் செய்யும்போது அவை மயிரிழை கூட அசையக் கூடாது. அசைந்தால் துப்பாக்கியின் நடு உடல் நீண்டோ குறுகியோ போகும், தோட்டா உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது. குறுகினால் தோட்டா போட்டு மூடவே முடியாது, நீண்டால் மூடிக்கொள்ளும், ஆனால் சுடும்போது முகத்தில் வெடிக்கும். அப்படி அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டத்துக்குத்தான் ஜிக் என்று பெயர். எங்கள் சங்கத்தின் முதல் ஜிக்கை நான்தான் செய்தேன். பல் செட் செய்யும் அதே பொறுமையோடு, என் வீட்டு கராஜில், கையாலேயே தேய்த்துச் செய்தேன். வருடக்கணக்கில் எல்லோரும் அதில்தான் ஒட்டினார்கள். "ஜிக் பிடிச்சா சரி" என்று ஒரு வாசகமே உண்டானது. ஒருவர் ஒட்டிய துப்பாக்கியை இன்னொருவர் அளவுக்கட்டை போட்டுச் சோதித்தால் அது அவமரியாதை என்கிற அளவுக்குப் போனது. ஜிக் பிடித்ததா, பிடித்தது, அப்புறம் என்ன சோதனை? இந்த மடத்தனத்தை நான் அப்போது கண்டிக்கவில்லை. அது என் ஜிக்கின் மேல் இருந்த மரியாதையாக எனக்குப் பட்டது.

அதன் பிறகு டெல்பர்ட் தலைவரானார். டிராக்டர் விற்கிறவர். டிராக்டர் விற்கிறவர்களுக்குப் பெரியதெல்லாம் நல்லது. கடையில் விற்கும் ஜிக் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்து, போன குளிர்காலம் முழுவதும் சங்கத்தை அதிலேயே ஓட்டினார். அலுமினியமா, எஃகா, செம்புத் தகடு வைத்ததா, திருகுப் பிடியா, நெம்புப் பிடியா. ஒரு துப்பாக்கி கூட ஒட்டாமல் ஆறேழு பெரிய மனிதர்கள் ஜிக்கைப் பற்றி மட்டும் பேசிப் பேசியே பனிக்காலத்தைக் கடத்தினார்கள். உலக சமாதானத்துக்குக் கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

கடைசியில், கனமான ஜிக்தான் சூட்டை இழுத்துக்கொள்ளும், ஆகவே எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று யாரோ சொல்ல, சமையலறைத் தராசு வந்தது. கடைகளிலிருந்து மாதிரிக்கு வரவழைத்த ஜிக்குகளை ஒவ்வொன்றாக வைத்தார்கள். கடைசியில் என்னுடையதை வைத்தார்கள். முள் லேசாகத்தான் அசைந்தது.

டெல்பர்ட் தராசைக் குனிந்து பார்த்துவிட்டு, "பல்லு டாக்டர் பல்லு குத்துறதுக்குச் செஞ்சிருக்காரு போல. நாமதான் தெரியாம துப்பாக்கிக்கு யூஸ் பண்ணிட்டிருந்தோம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்பதற்குத்தானே அவர்களுக்குப் பல் கட்டிக் கொடுத்தேன். ஆனால் வெண்டலும் சிரித்தார்.

வெண்டல் யார் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்கள் மேஜையில் அவர் படம் இருக்கிறது. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவர். என் முதல் ஜிக்கில் முதல் துப்பாக்கி ஒட்டியவர். அந்தச் சங்கத்தில் எனக்கென்று இருந்த ஒரே ஆள். சிரித்ததற்காக அடுத்த வாரம் அவரே ஆப்பிள் பை சுட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மனசுல வச்சுக்காதீங்க டாக்டர். எல்லாரும் சிரிச்சாங்க, வாய் தானா சிரிச்சிடுச்சு," என்றார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பை நன்றாக இருந்தது, லவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கல்.

வலித்தது, மேடம். அதை ஒளித்துச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி இறந்தபோது கூட எனக்கு அப்படி ஆகவில்லை. அவள் செத்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லையே.

கனமான ஜிக்கையே வாங்கினார்கள். மூத்தவன் மனம் நோகக் கூடாதென்று, அதைப் பாதுகாக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ஜிக் காப்பாளர். கைதட்டினார்கள். பழைய நாய்க்கு ஒரு எலும்பு போடுவார்கள் இல்லையா, அப்படி. நானும் வாலை ஆட்டினேன்.

ஜிக் என் கராஜில்தான் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். ஒரு நாள் காலை காபி குடித்துவிட்டு, அதில் துண்டுகளை இடம் மாறாமல் நிறுத்துகிற இரும்பு ஊசியை ஒரு பக்கம் அரத்தால் கொஞ்சம் தேய்த்தேன். பார்த்தால் தெரியாது. பல்லில் உயரம் சரிபார்ப்பது போன்ற வேலை, எனக்குக் கைவந்தது. நோயாளிக்குத் தெரியாத அளவு எது, தெரியும் அளவு எது என்று என் விரலுக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது நீங்கள் டயரைப் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் பழைய வழக்கம் அது. புதிதாக ஒட்டிய துப்பாக்கியை யாரும் முதலில் தோளில் வைப்பதில்லை. ஒரு பழைய லாரி டயரில் கட்டி, நீளமான கயிற்றை விசையில் மாட்டி, எல்லோரும் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இழுப்போம். வெடித்தால் டயர் சாகும். புது ஜிக் வந்ததும் டெல்பர்ட் அதை எடுத்துவிடலாம் என்றார். இவ்வளவு பெரிய ஜிக்கை வாங்கிவிட்டு இன்னமும் கயிறு பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் பக்கத்து ஊர் சங்கம் என்ன நினைக்கும் என்பது அவருடைய கவலை.

டயர் வேண்டும் என்று கை தூக்கியவன் நான் ஒருவன்தான். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கை தூக்கியது மட்டுமில்லை, எழுந்து நின்று பேசவும் செய்தேன். பாதுகாப்பு முக்கியம், ஒரு ஜிக்கை நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது என்றேன். நான் பேசப் பேச டெல்பர்ட்டின் முகம் இறுகிக்கொண்டே போனது. நான் வேண்டாம் என்ற எதையும் அவர் செய்யாமல் விட்டதில்லை. நான் வேண்டும் என்ற எதையும் செய்ததும் இல்லை. மூன்று நிமிடம் பேசினால் போதும் என்று நினைத்துப் போனேன், இரண்டிலேயே வேலை முடிந்தது. டயர் போய்விட்டது.

புது ஜிக்கில் டெல்பர்ட்தான் முதலில் ஒட்டினார். போர் வீரர் நினைவு நாளுக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மரியாதை வேட்டு போட வேண்டும், அதற்கு ஒரு துப்பாக்கி. ஒட்டுவதற்கு முன் எனக்குப் போன் செய்து, ஜிக் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சிருக்கேன்," என்றேன்.

உண்மை. நான் இதுவரை உங்களிடமும் சரி, அவர்களிடமும் சரி, ஒரு பொய் சொல்லவில்லை. அளவு சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை. ஒட்டி முடித்த பிறகாவது யாராவது அளவுக்கட்டை போட்டுப் பார்த்தார்களா? ஜிக் பிடித்தால் சரி.

மே மாதத்தில் அந்தச் சனிக்கிழமை பழைய கல்குவாரியில் கூடினோம். நல்ல வெயில். யாரோ மான் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு கொண்டுவந்திருந்தார்கள். டெல்பர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். அவர் துப்பாக்கியைத் தோளில் வைக்கப் போகிறார் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். அவர் நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் துப்பாக்கியை நீட்டினார்.

"டாக்டர், குளிர்காலத்துல நான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். என் வீட்டுக்காரி இன்னும் திட்டிக்கிட்டே இருக்கா. இந்தச் சங்கத்துக்கு ஜிக்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தவரே நீங்கதான். முதல் குண்டு நீங்க போடணும்."

அவர் கண் கலங்கியிருந்தது. டிராக்டர் விற்கிறவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. ஒரு மனிதன் என்னிடம் மன்னிப்புக் கேட்க இவ்வளவு மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பான் என்று நான் எங்கே எதிர்பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்.

தோள்பட்டை வலி என்றேன். எனக்குத் தோள்பட்டை வலி உண்டு, என் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெல்பர்ட் கையில் துப்பாக்கியோடு நின்றார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் மன்னிக்கவில்லை என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். அந்த நெருக்கடியில்தான் வெண்டல் முன்னால் வந்தார்.

"குடுங்க, டாக்டருக்குப் பதிலா நான் போடுறேன். அவரு போட்ட மாதிரிதான்," என்று வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்னும் பரிகாரம் செய்துகொண்டிருந்தார், பாவம்.

அவர் தோட்டாவைப் போட்டார். துப்பாக்கி சுலபமாக மூடிக்கொண்டது. என் வேலை சுத்தம்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். போதுமான நேரம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையை டெல்பர்ட் முன்னால் சொல்ல வேண்டும். அதுவும் அவர் மன்னிப்புக் கேட்ட அடுத்த நிமிடம். அவர் பெரிய மனிதராகவும் நான் சின்ன மனிதனாகவும் அந்தக் குவாரியில் நிற்க வேண்டும். அந்தத் தராசில் நான் இன்னொரு முறை ஏறத் தயாராக இல்லை. அதனால் வெண்டலிடம் போய் அவருடைய கண் கவசத்தைச் சரிசெய்துவிட்டேன். கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி வந்து, வண்டிக்குப் பின்னால் நின்று, என் காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டேன். மற்றவர்கள் எல்லோரும் வெளியில் நின்றார்கள். நல்ல வேளை, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

துப்பாக்கி வெடித்ததில் வெண்டலுக்குக் கண் தப்பியது. மற்றதை நீங்கள் அறிக்கையில் படித்திருப்பீர்கள். மறுநாள் கொலம்பஸ் ஆஸ்பத்திரியில் இறந்தார். நான் செய்து கொடுத்த பல் செட் மட்டும் உடையவேயில்லை என்று அங்கிருந்த டாக்டர் வியந்தாராம்.

டெல்பர்ட் மனம் உடைந்துபோனார். தன் வெல்டிங்தான் தவறு, டயரை எடுத்ததும் தான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். கடைக்குப் போவதில்லை. சவ அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்று சொன்னேன். இதுவும் உண்மை. உண்மை சொல்லி ஒருவரைத் தேற்றுவது நல்ல விஷயம்தானே.

அவரை வெட்கப்பட வைக்கத்தான் செய்தேன், கொல்வதற்கில்லை என்று நான் சொன்னால் உங்கள் அரசாங்க வக்கீல் ஏற்றுக்கொள்வார். தண்டனையும் குறையும். ஆனால் நீங்கள் புத்திசாலி, ஆகையால் சொல்கிறேன். அந்த ஊசியை மறுபக்கம் தேய்த்திருந்தால் நடு உடல் குறுகி, துப்பாக்கி மூடியே இருக்காது. குவாரியில் எல்லோர் முன்னாலும் டெல்பர்ட் இழுத்து இழுத்துப் பார்த்து அசடு வழிந்திருப்பார். எல்லோரும் சிரித்திருப்பார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதையும் யோசித்தேன். அரம் கையில்தான் இருந்தது. மூடுகிற பக்கத்தைத்தான் தேய்த்தேன்.

வெண்டல் என் கணக்கில் இல்லை. அதற்காக வருந்துகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் அவர் ஞாபகம் வருகிறது. பை சுட்ட அந்தத் தட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், கொடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் வெறும் 'ஜிக்' என்று போட்டிருக்கிறீர்கள், படிக்கிறவர்கள் குழம்பிப்போவார்கள். கடையில் வாங்கிய ஜிக் என்று தெளிவாகப் போடுங்கள். நான் செய்த ஜிக்கில் ஒட்டிய எந்தத் துப்பாக்கியும் இன்றுவரை ஒரு ஆளைக் காயப்படுத்தியதில்லை.