பதினான்காம் கேள்விக்குப் பத்தொன்பது வட்டங்கள்

பெயர்: வியாகுலம்மாள். வயது: 76. கணவர்: காலஞ்சென்ற செல்வநாதன், துறைமுகத்தில் கிரேன் இயக்குபவராக இருந்தவர். முகவரி: 7, சவேரியார் பின்தெரு, இராயபுரம், சென்னை-13. தொழில்: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. நாள்: 24.02.2025, காலை 11 மணி.

மேற்படி விலாசத்தில் நான் தனியாக வசித்து வருகிறேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சென்ற ஜூன் மாதம் முதல் பவழக்குப்பம் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் ஊதியமின்றி வாசிப்புப் பயிற்சி அளித்து வந்தேன். அந்த வகுப்பின் ஆசிரியை கரோலின், வயது 34. ஏழு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். நான் அங்கே சேர்வதற்கு முந்தைய ஆண்டு நடந்த கற்றல் அடைவுத் தேர்வில் அப்பள்ளி வட்டாரத்திலேயே கடைசியாக வந்தது. அதை ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியில் வாசித்தபோது நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் கை வைத்த எந்த வகுப்பும் இதுவரை கடைசியாக வந்ததில்லை. அதனால் இந்த ஆண்டு இந்தப் பிள்ளைகளுக்கு நான் கடுமையாகவே பயிற்சி கொடுத்தேன்.

இம்மாதம் 12ஆம் தேதி புதன்கிழமை இந்த ஆண்டுக்கான தேர்வு நடந்தது. இருபத்து நான்கு பிள்ளைகள் எழுதினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு வட்டங்கள் உண்டு, சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும். தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களைக் கரோலினின் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு மணிக்கு வண்டி வந்து எடுத்துச் செல்லும் என்றார்கள். அதன் பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவதற்காகக் கரோலின் கீழே இறங்கினார். போகும்போது என் மூக்குக்கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதால் சாவியை என்னிடம் கொடுத்தார். மூக்குக்கண்ணாடி என் கைப்பையில் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் பீரோவைத் திறந்து விடைத்தாள்களைப் பார்த்தேன். பதினான்காம் கேள்வி, படகு எதனால் செய்யப்படுகிறது என்பது. விடைகள்: அ) மண், ஆ) மரம், இ) கண்ணாடி, ஈ) காகிதம். பத்தொன்பது பேர் கண்ணாடி என்று நிரப்பியிருந்தார்கள். கடலை ஒட்டிய குப்பத்துப் பிள்ளைகள் படகைக் கண்ணாடியில் செய்வது என்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கின்றன என்று முடிவு செய்தேன். அதன் பிறகு பென்சில் சீவும் பாதி பிளேடால் பத்தொன்பது தாள்களிலும் அந்த வட்டத்தைச் சுரண்டிவிட்டு, பக்கத்திலிருந்த மரம் என்ற வட்டத்தை என் மைப்பேனாவால் நிரப்பினேன். சுமார் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. தாள்களை வரிசை மாறாமல் வைத்துப் பூட்டி, சாவியைக் கரோலினிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

14ஆம் தேதி வகுப்புக்குச் சென்றபோது, படகு எதனால் செய்வது என்று எல்லோர் முன்னிலையிலும் மங்கை என்ற மாணவியை எழுப்பிக் கேட்டேன். அவள், "கண்ணாடிலதான் மிஸ். எங்க நைனா போட்டு கட்டுறாரு" என்று, தன் அப்பா படகு கட்டுவதாகச் சொன்னாள். நான் அவளை நிற்க வைத்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "மிஸ்ஸுக்குப் போட்டே தெர்ல" என்றது. வகுப்பே சிரித்தது.

அன்று மாலை நான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் மங்கையின் தகப்பனார் டில்லிபாபு வேலை செய்யும் கொட்டகைக்குப் போனேன். அங்கே வெள்ளைத் துணி போன்ற ஒன்றைச் சுருள் சுருளாக வைத்திருந்தார்கள். அதை அச்சின் மேல் விரித்துப் பசை பூசிக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தொட்டேன். டில்லிபாபு, "தொடாதீங்கம்மா, அரிக்கும். கண்ணாடி நாரு அது. இத்தத்தான் ஃபைபருன்றாங்க. மரத்துல யாரு இப்போ போட்டு கட்டுறா?" என்றார். அதன் பிறகு, "எம்பொண்ணு இன்னா, எதுனா தப்பா எழுதிட்சா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குத் திரும்பினேன். என் விரல்கள் மறுநாள் வரை அரித்துக்கொண்டிருந்தன. அந்தத் துறைமுகத்துக்கும் என் வீட்டுக்கும் நடந்தால் இருபது நிமிடம்.

17ஆம் தேதி, விடைத்தாள்களை மதிப்பிட்டவர்கள் பத்தொன்பது தாள்களில் ஒரே கேள்வி சுரண்டப்பட்டிருப்பதாகக் கண்டுபிடித்துப் புகார் கொடுத்தார்கள். கரோலினை இரண்டு முறை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். வரும் 28ஆம் தேதி அவரைப் பணியிலிருந்து நீக்கப் போவதாகத் தலைமை ஆசிரியர் பிராங்கிளின் என்னிடம் கூறினார். அப்படி நீக்கப்பட்டால் அதன் பிறகு எந்தப் பள்ளியும் அவரை எடுக்காது.

20ஆம் தேதி நான் கரோலினின் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்குக் கட்டும் நான்கு பருத்திப் புடவைகளையும் கஞ்சி போட்டு, தேய்த்து, கட்டிலில் அடுக்கி வைத்திருந்தார். சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். "நீங்க வாயே தொறக்காதீங்க மிஸ். இந்த வயசுல உங்கள ஸ்டேஷன்ல குந்த வெப்பாங்க. பூசைக்கு முன்வரிசையில உக்கார்றவங்க நீங்க" என்றார். எனக்குத் தேநீர் கொடுத்தார். நான் குடித்துவிட்டு வந்தேன். அன்றும் மறுநாளும் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

22ஆம் தேதி இந்த நிலையத்துக்கு வந்தேன். காவலர் வேலப்பன், "இன்னாம்மா, டீச்சருக்காகப் பழிய ஏத்துக்கினு வந்துட்டியா? போய் ரெஸ்ட் எடும்மா" என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். நேற்றும் வந்தேன். சினிமா நிறைய பார்க்கிறேனா என்று கேட்டார். அவர் சொன்னவற்றையும் பதிவு செய்யும்படி உதவி ஆய்வாளர் எழில்மொழியிடம் கேட்டுக்கொண்டேன். அவரும் பதிவு செய்துள்ளார்.

என்னை நம்பாவிட்டால் அசல் தாள்களை வரவழைத்து, திருத்திய வட்டத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் நிரப்பியது பால்பாயிண்ட் பேனாவால், அது கலையாது. நான் நிரப்பியது கலையும். அந்தப் பள்ளியில் மைப்பேனா வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். பேனாவையும் பிளேடையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். 28ஆம் தேதிக்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுமாறு கெஞ்சிக் கேட்கிறேன். நான் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை. அந்தப் பத்தொன்பது பிள்ளைகளும் முதலில் நிரப்பிய விடையையே அவர்களுடைய விடையாகக் கொள்ள வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடைக்காவிட்டாலும்.

இதை எழுதி முடித்ததும் உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். அதில், வயது மூப்பின் காரணமாகத் தவறுதலாகத் திருத்திவிட்டேன் என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. "உங்களுக்கு நல்லதுன்னுதாம்மா போட்டேன்" என்றார். தவறுதலாக நடந்தது என்றால் கவனிக்காமல் விட்டது கரோலினின் குற்றமாகிவிடும். ஆகவே அந்த வரியை அடிக்கச் சொல்லி, அந்த இடத்தில் 'தெரிந்தே' என்று எழுதச் சொன்னேன். எழுதினார். ஓரத்தில் நான் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

இதில் உள்ளவை யாவும் என் வாயால் சொன்னவை, உண்மையானவை. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

(ஒப்பம்)
வியாகுலம்மாள் செல்வநாதன்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) எழில்மொழி, உதவி ஆய்வாளர்