பாட்டுத் தாழ்ப்பாள்

மனைவி: ...சிரிக்காதீங்க! ஊருக்கெல்லாம் கதவு செஞ்சு மாட்டுற தச்சரு. சொந்த வீட்டுக் குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் துப்பில்ல.

தச்சர்: போட்டுடலாம்மா. நாளைக்கு...

மனைவி: அந்த வார்த்தை இன்னொரு தடவை வந்துச்சு, இந்தக் கரண்டி பறக்கும்!

தச்சர்: சரி... நாளன்னைக்கு.

மனைவி: ஐயோ, ஐயோ! சாயங்காலம் உங்க தங்கச்சியும் அவ வீட்டுக்காரரும் வர்றாங்க. போன தடவை அந்த மனுஷன் கதவைத் திறந்துட்டு, அப்புறம் முகம் குடுத்தே பேசல. காலண்டரைப் பார்த்துத்தான் பேசுனாரு.

தச்சர்: நீ ஏன் பாட்டை நிறுத்துன? உள்ள ஆள் இருக்குன்னு தெரிய வேணாமா?

மனைவி: சோப்பு வாய்க்குள்ள போயிடுச்சுங்க! எத்தனை நாளைக்குப் பாட்டையே தாழ்ப்பாளாப் போட்டுக் குளிக்கிறது?

தச்சர்: நல்லாத்தானே பாடுற...

மனைவி: பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துறா!

தச்சர்: திருப்புளியைக் காணோம்.

மனைவி: இந்தாங்க.

தச்சர்: அதுக்கேத்த ஸ்க்ரூ...

மனைவி: இந்தாங்க. தாழ்ப்பாளும் வாங்கியாச்சு. நகருங்க, நானே போட்டுக்கிறேன்.

தச்சர்: வேணாம்... அதைக் கீழ வை.

மனைவி: சோம்பேறின்னுதான் நெனச்சேன். இப்ப தடுக்க வேற வர்றீங்களா?

தச்சர்: வைன்னு சொன்னேன்ல!

மனைவி: ...எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க?

தச்சர்: மழைக்காலத்துல உள்ள மயங்கி விழுந்தியே... பாட்டு பாதியில நின்னுச்சு. இழைப்புளியைப் போட்டுட்டு ஓடி வந்து தள்ளுனேன். திறந்துச்சு. தாழ்ப்பாள் மட்டும் இருந்திருந்தா... அது நான் செஞ்ச கதவும்மா. என்னாலயே உடைக்க முடியாது.

மனைவி: ...இதை அப்பவே சொல்றதுக்கு என்ன?

தச்சர்: நீ மட்டும் என்னவாம்? டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. எப்பக் கேட்டாலும் "நாளைக்கு".

மனைவி: ஒரே ஒரு தடவை விழுந்ததுக்கு...

தச்சர்: வெளியில இருந்தும் திறக்கிற மாதிரி ஒரு தாழ்ப்பாள் நானே செஞ்சு போடுறேன். இன்னைக்கே. நீ ஸ்கேனுக்கு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு. என்னம்மா? ஏன் இப்படிப் பாக்குற?

மனைவி: சோப்பு வாய்க்குள்ள போகலைங்க. நீங்க மரம் எடுக்கப் போயிருந்தீங்க... திரும்பவும் விழுந்துட்டேன். தங்கச்சி வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டுத் திறந்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன், பாவம், அதான் காலண்டரைப் பார்க்கிறாரு. இனிமே விழுந்தாலும் யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் தாழ்ப்பாள் கேட்டேன்... அது கிடக்கட்டும், சட்டையைப் போடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்.