இரண்டாம் தாள்

ஸ்டேஷனில் கொடுத்த டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தது. ரைட்டர் ஐயா, "நீரு சொல்லும்வே, நான் எழுதிக்கிடுதேன். கடைசில பெருவிரல வச்சாப் போதும்" என்றார். வேண்டாம் ஐயா, நானே எழுதுகிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டேன். நாற்பத்தொரு வயதில் அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவன் நான். அதை இந்த மாதிரி நேரத்தில் பயன்படுத்தாவிட்டால் வேறு எப்போது பயன்படுத்துவது. கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு நன்றி. கோடு இல்லாவிட்டால் என் வரி மேலே ஏறிவிடும்.

என் பெயர் கொம்பையா. தகப்பனார் சுடலைமுத்து. சொந்த ஊர் எப்போதும்வென்றான். கோவில்பட்டிக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இருபது வருஷம் பருத்திப் பேட்டையில் தாட்டு மிதித்தேன். ஐயாவுக்கு அந்த வேலை தெரிந்திருக்காது. மரச்சட்டத்தில் தாட்டு என்கிற ஆள் உயரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். அதற்குள் ஒருவன் இறங்கி நிற்பான். மேலிருந்து பருத்தியைக் கொட்டக் கொட்ட அவன் மிதித்து இறுக்க வேண்டும். உள்ளே காற்று கிடையாது, பஞ்சுத் தூசிதான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருப்பவன் 'ஓய், ஓய்' என்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குரல் வந்தால் கொட்டுவார்கள். குரல் நின்றால் தூக்குவார்கள். என்னை இரண்டு தரம் தூக்கியிருக்கிறார்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், எழுந்து உட்காருவேன், மறுபடி இறங்குவேன். ஒரு ஆள் பெட்டிக்குள் இருப்பது எங்கள் தொழிலில் பெரிய காரியம் இல்லை. இதை ஐயா மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

பஞ்சு அமுக்கும் மிஷின் வந்து என் வேலை போனபிறகு சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். அண்ணாச்சிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. அதில் குச்சி காயப்போடும் தகர ஷெட் ஒன்றைக் காலிசெய்து லோக்கல் கேபிள் சேனல் ஆரம்பித்தார். கோயில் கொடை, பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி எல்லாம் போடுவோம். ஷெட்டைச் சுற்றிக் கயிற்றுப்பாயும் தெர்மாகோலும் அடித்ததும் அது ஸ்டூடியோ ஆகிவிட்டது. கூட்டுவது, லைட்டு தூக்குவது என் வேலை. படம் எடுப்பது பூவனநாதன். கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவன். மெலிந்த ஆள், நல்ல சுபாவம், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

ஒருநாள் அண்ணாச்சி மருந்து டப்பா ஒன்றை நீட்டி, "ஏலே கொம்பையா, நீதான் அறிவொளில படிச்சவனாச்சே, இதுல என்ன போட்டுருக்குன்னு பாரு" என்றார். பார்த்தேன். "சாப்பாட்டுக்குப் பொறவு ரெண்டு" என்றேன். சாப்பிட்டார், வயிற்றுவலி நின்றது. அன்றிலிருந்து என்னை வாத்தியாரே என்று கூப்பிட ஆரம்பித்தார். பிறகு எங்கள் தெரு செல்வமாரி டீச்சரும் அவர் மகளும், எதிர்ச்சாரி சோடாக்கடைக்காரரும், கடைசியில் என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாயும்கூட வாத்தியார் என்றார்கள். தாட்டுக்குள் இருபது வருஷம் இருந்தவனை வெளியே தூக்கி முகத்தில் தண்ணீர் அடித்தது போல இருந்தது எனக்கு.

இந்த 2003 சித்திரையில் சென்னையில் ஏதோ ஸ்டூடியோவில் ஓட்டிக் கழித்த ரோபோ தலை ஒன்றை அண்ணாச்சி வாங்கினார். பார்சல் லாரியில் வந்து இறங்கியது. தலை என்றால் பரங்கிக்காய் அளவு இரும்பு. அதன்மேல் கேமராவை மாட்டி, அந்தப் பக்கம் மேசையில் உட்கார்ந்து ஒரு குச்சியை அசைத்தால் போதும், கேமரா இடம் வலம் திரும்பும், மேலே கீழே பார்க்கும். அண்ணாச்சி நோட்டீஸ் அடித்துவிட்டார். 'தென்மாவட்டத்தில் முதன்முறையாக, ஆள் இல்லாமல் படம் பிடிக்கும் கேமரா' என்று. வளர்பிறை ஞாயிறு பதினொரு மணிக்குத் திறப்புவிழா. அதோடு பூவனநாதனுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தை என் கையில் கொடுத்து, "வாத்தியாரே, சென்னைக்காரன் அடுத்த வாரந்தான் வருவானாம். நீ படிச்சு மாட்டிரு" என்றார்.

இரண்டாம் தாள் இங்கே தொடங்குகிறது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அறிவொளியில் தமிழ் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் படித்தது அண்ணாச்சியின் முகத்தை.

இருந்தாலும் மாட்டிய விதத்தில் குறை சொல்ல முடியாது. முக்காலியை ரசமட்டம் வைத்துச் சமமாக்கினேன். தலையை முடுக்கினேன். கேமராவை முன்னேயும் பின்னேயும் தள்ளிப் பார்த்து, கையை எடுத்தாலும் மூக்குக் குத்தாமல் நிற்கிற இடத்தில் எடை பார்த்து வைத்தேன். தலைக்கு மேல் பாரம் வைத்தே வளர்ந்தவனுக்கு அது எந்தப் பாடமும் இல்லாமல் வரும். பிறகு ஒயரை எடுத்து நேராகச் சுவரில் சொருகினேன். தலைக்குள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது. அதன்பிறகு புகை வந்தது. பழைய தீப்பெட்டி ஷெட் வாசனை கொஞ்சநேரம் திரும்பி வந்தது.

பூவனநாதன் தன் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தவன் ஓடிவந்தான். கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற கறுப்புப் பெட்டி எங்கே என்று கேட்டான். அது கதவு அடிக்காமல் இருக்க நான் முட்டுக்கொடுத்திருந்த பெட்டி. பார்சலில் ஆடாமல் இருக்கப் போட்ட பாரம் என்று நினைத்திருந்தேன்.

"மொதப் பக்கத்துலயே படம் போட்டுருக்கே கொம்பையாண்ணே, இந்தப் பொட்டி வழியாத்தான் கரண்டு போணும்னு." பிறகு என்னைப் பார்த்தான். "ஒமக்கு இங்கிலீஷு தெரியாதோ?"

நான் குனிந்து ஒயரைச் சுருட்டினேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மூணு வருசமா அண்ணாச்சிக்கு மருந்து படிச்சுச் சொல்லுதீரே வே. அவரு எப்படி உசுரோட நடமாடுதாரு?"

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டான். "பயப்படாதேயும். நான் ஒரு ஆள்ட்டயும் சொல்ல மாட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் அடுத்த இரண்டு நாளும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மீசை தானாக அசைந்தது.

யோசனை என்னுடையது. மோட்டார் எரிந்துபோனாலும் தலை கையால் தள்ளினால் சுற்றுகிறது. ஆகவே தலைக்கு அடியில் நாலடி உயரப் பலகைப்பெட்டி செய்தேன். பார்சல் வந்த பலகைதான். உள்ளே ஒரு ஆள் குந்தி உட்காரலாம். தலையிலிருந்து ஒரு குழாயை உள்ளே இறக்கினேன், அதைத் திருப்பினால் கேமரா திரும்பும். சைக்கிள் பிரேக் ஒயர் ஒன்றை இழுத்தால் மேலே கீழே பார்க்கும். சணல் கயிற்றின் ஒரு நுனி உள்ளே இருப்பவன் கணுக்காலில், மறுநுனி மேசைக்கு அடியில் என் கால் பெருவிரலில். ஒருதரம் இழுத்தால் இடது, இரண்டுதரம் என்றால் வலது. மேசையில் நான் குச்சியை அசைத்துக்கொண்டிருப்பேன்.

பூவனநாதனிடம் சொன்னபோது அவனுக்குச் சந்தோஷம். "ஆளு இல்லாத கேமராவுக்கு ஒரு ஆளு வேணும்னு ஆயிப்போச்சே. அப்ப எனக்கு வேல போவலைன்னு சொல்லும்" என்றான். வீட்டில் கயத்தாற்றுக் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தான். உள்ளே இறங்குமுன் ஒரு செம்பு தண்ணீர் குடித்தான்.

நான் அவனுக்குச் சொன்னதை மறைக்கவில்லை. "தாட்டுல மாதிரி கொரல் குடுக்கப்படாது, மைக்கு புடிச்சிரும். முடியலன்னா கேமராவ மேலயும் கீழயும் மூணு தரம் ஆட்டு. ஒடனே தூக்கிருதேன்" என்றேன். இதை என் வாயால்தான் சொன்னேன்.

பின்பலகைக்கு ஆணி அடிக்க வேண்டாம், சும்மா சாத்தி வைக்கலாம் என்றான். சாத்தித்தான் வைத்தேன். மேலே போர்த்திய பட்டுத்துணியில் மடிப்பு விழுந்தது. பார்க்க நன்றாக இல்லை. பன்னிரண்டு ஆணி அடித்தேன்.

அறுபது பேர் வந்திருந்தார்கள். நாலு பெரிய லைட்டுகள், மேலே தகரம், வெளியே கத்திரி வெயில். ஒரு மில் முதலாளி குத்துவிளக்கு ஏற்றினார். நான் குச்சியை அசைத்தேன், கால் விரலால் கயிற்றை இழுத்தேன். கேமரா வழுக்கிக்கொண்டு திரும்பியது. பூவனநாதன் கை அப்படி. டிவிப் பெட்டியில் படத்தைப் பார்த்த எல்லோரும் ஆஹா என்றார்கள்.

மூன்றாவது வரிசையில் அவன் மனைவி சொர்ணத்தாய் இருந்தாள். புருஷன் பிழைப்பைக் கெடுத்த மிஷின் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தாளாம். "இந்தச் சனியன் நல்லாருக்குமா" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது என் மேசைவரை கேட்டது.

மில் முதலாளி பேசத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். கேமரா மேலும் கீழும் மூன்று தரம் ஆடியது.

அவர் பேச்சை நிறுத்தினார். "ஏ, எனக்கு வணக்கம் சொல்லுதுய்யா" என்றார். கைதட்டல் விழுந்தது. அவரும் கும்பிட்டார். கேமரா மறுபடி மூன்று தரம் தலையை ஆட்டியது. அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து வந்து, "நம்ம சேனலு நல்லா வரும்லா?" என்று அதனிடம் கேட்டார். ஆட்டியது. "பாத்தீகளா, கேட்டதுக்குப் பதில் சொல்லுது" என்றார். பிறகு விழா அதன் போக்கில் போனது. இந்த வருஷம் மழை உண்டா என்று ஒரு சம்சாரி கேட்டார், ஆட்டியது. மகளுக்குத் தை மாதத்துக்குள் முடியுமா என்று ஒரு அம்மா கேட்டார், ஆட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள். யாரோ எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தார்கள்.

நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று மூன்றாக ஏழு தரம்.

ஏன் தூக்கவில்லை என்று ஐயா கேட்டீர்கள். நிதானமாக யோசித்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஏன் ஆள் என்று கேட்பார்கள். தலை எரிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். ஏன் எரிந்தது என்பார்கள். ஒயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். புத்தகம் படித்தாயே என்பார்கள். அது மூன்றாவது கேள்வி. அதற்குப் பதில் இரண்டாம் தாளில் இருக்கிறது. அறுபது பேருக்கு முன்னால், வாத்தியாரே என்று கூப்பிட்ட வாய்களுக்கு முன்னால், அந்த மூன்றாவது கேள்வியில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. என்னை இரண்டு தரம் தூக்கியிருக்கிறார்கள், நான் சாகவில்லை. அவனும் தாங்குவான் என்று பட்டது. தாங்காவிட்டால் என்ன என்பதும் பட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சொர்ணத்தாயின் முறை வந்தது. திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். அவள் பெட்டிக்கு முன்னால் வந்து கைகூப்பி, தணிந்த குரலில், "எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேற வேல கெடைக்குமா?" என்றாள்.

 பிறகு கேமரா ஒரே ஒரு தரம் குனிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தில் குங்குமம் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் நான் கயிற்றை இழுக்காமலே கேமரா தானாகத் திரும்பியது. வெகு மெதுவாக. மில் முதலாளியைத் தாண்டி, அண்ணாச்சியைத் தாண்டி, என்மேல் வந்து நின்றது. டிவிப் பெட்டியில் என் முகம். அண்ணாச்சி, "பாருங்க, தன்ன மாட்டுன ஆள அதுவே காட்டிக்குடுக்குது" என்று சொல்லிப் பொன்னாடை ஒன்றை எடுத்துவந்து எனக்குப் போர்த்தினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கேமரா அப்புறம் அசையவில்லை. டேப் தீரும்வரை இருபத்திரண்டு நிமிஷம் நான்தான் அதில் இருக்கிறேன். ஐயா பார்த்திருப்பீர்கள். பொன்னாடை பச்சை நிறம்.

விருந்தாளிகள் சாப்பிட்டுப் போனபின் நாற்காலிகளை மடக்கினேன். ஷெட்டைக் கூட்டினேன். அதன்பிறகு ஆணிகளை எடுத்தேன். பன்னிரண்டும் வளையாமல் வந்தன. பூவனநாதன் குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தான். முகத்தில் தண்ணீர் அடித்தேன். அதுதான் எங்கள் முறை. அவன் எழுந்து உட்காரவில்லை.

அவனே விளையாட்டாக உள்ளே போய்விட்டான் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அது பொய். ஆணியை வெளியே இருந்துதான் அடிக்க முடியும் என்று நீங்கள் சொன்னது சரி.

இதைக் கொலை என்று போட்டுக்கொள்ளலாம். அந்த எழுத்து எனக்குத் தெரியும், படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறேன். கோர்ட்டில் முதல் தாளையும் கடைசித் தாள்களையும் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டாம் தாளை மட்டும் வாசிக்க வேண்டாம். அண்ணாச்சி வருவார், செல்வமாரி டீச்சர் வருவார், ஆறுமுகத்தாயும் வந்து உட்கார்ந்திருப்பாள். அந்த விஷயம் இதுவரை வெளியே போகவில்லை. பூவனநாதன் சொன்னபடி ஒரு ஆளிடமும் சொல்லவில்லை. நீங்கள் படித்தவர்கள், அவனைவிடக் குறைவாக நடந்துகொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.