போட்டாச்சு, பாப்பாள்

பஸ்மியா: பஸ்ஸில அங்கால ரெண்டு சீற் சும்மாதானே கிடக்கு, சோபனா.

சோபனா: கிடக்கட்டும். பள்ளிக்கூட நாளையில பெருநாளைக்குக் கிண்ணியாவுக்கு, உங்கட வீட்ட வரேக்க இப்பிடித்தானே இருப்பம். யன்னல் உனக்கு, நெரிசல் எனக்கு.

பஸ்மியா: அது அப்ப.

சோபனா: இப்ப என்ன, எனக்குக் கொம்பு முளைச்சிட்டுதோ?

பஸ்மியா: சிரிப்புக் காட்டாத. நான் உன்னோட கோவம்.

சோபனா: தெரியும்... அந்த வீடியோதானே?

பஸ்மியா: எங்கட முஸ்லிம் ஆக்கள்ட கடையில சாமான் வாங்காதீங்க எண்டு ஒருத்தன் கத்துறான். அதப் போய் நீ பகிர்ந்திருக்காய். எங்கட வாப்பாட கடையில பிஸ்கட் டின்னுக்க கை விட்டு வளந்தவள் நீ!

சோபனா: ஓமடி... ஒண்டைத்தான் பாத்தனான். பிறகு போன் அதே மாதிரிப் பத்தைக் கொண்டு வந்து கொட்டிச்சு. ஊர் முழுக்க அதுதான் கதை எண்டு நினைச்சிட்டன்.

பஸ்மியா: எனக்கும் போன்ல விடிஞ்சாப் பொழுதுபட்டா உங்கட ஆக்கள் எங்கள ஏசுறதுதான். பாத்துப் பாத்து... சோபனாவும் இப்பிடித்தானாக்கும் எண்டு...

சோபனா: அதை அண்டைக்கே அழிச்சுப்போட்டன்.

பஸ்மியா: அழிச்சத எனக்கு ஆரு காட்டின?

சோபனா: உன்ர படங்களும் எனக்கு வாறதில்ல. வெக்கத்தில நான் ஒண்டையும் தொடாம விட, இவளுக்கு அவள் தேவையில்ல எண்டு போனே முடிவு கட்டிட்டுது.

பஸ்மியா: போன்ல பழியப் போடு!

சோபனா: சரி, என்னிலதான் பிழை. அதாலதான் இண்டைக்குக் கிண்ணியா பஸ் ஏறினனான். உன்னட்ட இல்ல, கொழுப்பெடுத்தவளே... உம்மாட்ட. அவட கையால ஒரு பிளேன்டி குடிச்சுப்போட்டு, அவவைக் கொண்டே உனக்கு ரெண்டு ஏச்சு வாங்கித் தரத்தான்.

பஸ்மியா: உம்மாட்டயா?

சோபனா: உம்மாட்டத்தான். உம்மாட கால் வீக்கம் வத்தினதோ?

பஸ்மியா: நடிக்கிறியா, சோபனா?

சோபனா: என்னத்தை நடிக்கிறன்?

பஸ்மியா: உம்மா மவுத்தாகி, நோன்பு வந்தும் போயிட்டு.

சோபனா: ...என்னடி சொல்லுறாய்?

பஸ்மியா: பேஸ்புக்கில போட்டனே. உம்மாட பேர், அடக்கிற நேரம், எல்லாம். ஆர் ஆரோ எழுதினாங்க. உன்ட பேரத் தேடித் தேடிப் பாத்தன்.

சோபனா: எனக்கு வரேல்ல... ஐயோ, எனக்கு வரேல்ல! ஒருத்தரும் சொல்லேல்லயேடி!

பஸ்மியா: நீ பாத்திருப்பாய் எண்டு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. முந்தி எண்டா மவுத்துச் செய்திக்கு ஆள் அனுப்புவாங்க. வாப்பா மவுத்தானப்ப உங்கட கேற்றடிக்கு மாமா வந்துதானே சொன்னார்? இந்த முறையும் வெளிக்கிட்டவர்தான். நான்தான் வேணாம் எண்டன். போட்டாச்சு, பாப்பாள்... மனசிருந்தா வருவாள் எண்டன்.

சோபனா: மனசு இருந்ததடி... மனசு மட்டும்தான் இருந்தது...

பஸ்மியா: அழாத. கிண்ணியாப் பாலம் வந்துட்டு. ஆக்கள் பாக்கிறாங்க.

சோபனா: பாக்கட்டும். கடைசியில... என்னைக் கேட்டவவோ?

பஸ்மியா: ஒவ்வொரு நாளும்.

சோபனா: கல்லு நெஞ்சுக்காரி எண்டு நினைச்சுக்கொண்டே போயிருப்பா.

பஸ்மியா: இல்ல. நீங்க நித்திரையாக் கிடக்கக்குள்ள சோபனா வந்து, கையப் பிடிச்சிட்டு இருந்துட்டுப் போனாள் எண்டு சொன்னன். உன்னில அவ்வளவு கோவத்தோடதான் சொன்னன்... உம்மா, நீ பிடிச்சதா நான் சொன்ன அந்தக் கைய நெஞ்சில வெச்சிட்டுத்தான் கண் மூடினா.