வீட்டில் இனிப்பு இல்லை

சோறு பொங்காத வீட்டில் சமையல் வேலை குறைவு என்று நினைக்கிறவர்கள், ஒரு நாள் காலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு காலிஃபிளவரைத் துருவிப் பார்க்க வேண்டும். முதலில் மஞ்சள் போட்ட வெந்நீரில் முக்கிப் புழுவை எடுக்க வேண்டும். பிறகு துருவி, துணியில் கட்டிப் பிழிந்து, நெய்யில் வதக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டு கூழாகிவிடும். அதற்குப் பெயர் காலிஃபிளவர் சோறு. என் கணவர் லெஸ்லி மச்சாதுக்கு இரண்டு வருடமாக நான் அதைத்தான் ஆக்கிப் போட்டேன்.

நீங்களும் வேலைக்குப் போகிற பெண், மேடம். காக்கி உடுப்பைக் கழற்றி மாட்டியதும் உங்களுக்கும் ஒரு அடுப்படி காத்திருக்கும். அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ரைட்டரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் இல்லை. இந்த டீக்கு நன்றி. சர்க்கரை அளவாக இருக்கிறது.

என் பெயர் பிலோமினா, வயது நாற்பத்தொன்று. இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். உறைந்த கட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, குளிர் போதாவிட்டால் ரிஜெக்ட் என்று எழுதுவது என் வேலை. பதினாறு வருடத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நான் சொல்வதையும் நீங்கள் இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டியிருக்காது.

லெஸ்லிக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் கிளியரிங் வேலை. இரண்டரை வருடத்துக்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் ஜீவமணி மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் வயிற்றைக் காயப் போடக் கூடாது, வேர்த்து நடுக்கம் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம், உடனே இனிப்பாக ஏதாவது வாயில் போட வேண்டும் என்று சொன்னார். இதை அவர் என்னிடம்தான் சொன்னார். லெஸ்லி அந்த நேரம் போன் பேச வெளியே போயிருந்தார்.

ஆறு மாதம் மாத்திரை போட்டார். அதற்குப் பிறகு யாரோ அவரைப் போனில் பேலியோ உணவுக் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். ஆதி மனிதன் என்ன தின்றானோ அதைத்தான் தின்ன வேண்டுமாம். கறி, மீன், முட்டை, நெய், பாதாம், கொஞ்சம் காய். அரிசி கூடாது, கோதுமை கூடாது, பருப்பு கூடாது, இனிப்பு கூடவே கூடாது. ஒரு சனிக்கிழமை அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். சீனி டப்பா, கருப்பட்டி, அனுஜாவின் பிறந்தநாள் சாக்லேட் எல்லாம் குப்பை வண்டிக்குப் போயின. "இனிமே இந்த வீட்டுல இனிப்புன்னு ஒரு பொட்டு இருக்கக்கூடாது, கேட்டியாளா?" என்றார். அனுஜா எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

நான் குறை சொல்லவில்லை. உடம்பு இளைத்தது, பதினெட்டு கிலோ. சர்க்கரையும் நன்றாக இறங்கியது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாத்திரையை நிறுத்தினார். அந்த நாளில் மாத்திரை அட்டையைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். நானூறு பேர் கை தட்டினார்கள்.

ஆதி மனிதனுக்கு ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் இல்லை. எனக்கு இருந்தது. முதல் நாளே ஊறப் போட்ட பாதாமை எண்ணி நூறு எடுத்து நெய்யில் வறுக்க வேண்டும். அவருக்கு வெண்ணெய் போட்ட டீ, மதியத்துக்குக் காலிஃபிளவர் சோறும் மீனும், சாயங்காலத்துக்கு எலும்பு சூப் குக்கரில். சீலா மீனைத் தராசில் வைத்து எடை சொன்னால்தான் தட்டில் கை வைப்பார். அனுஜாவுக்குப் பள்ளிக்கூடத்துக்கு முட்டைக்குள் கீரை சுருட்டிக் கொடுப்பேன். அவள் அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். எனக்கென்று நின்று தின்ன நேரம் இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்து முட்டையை உரிப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள்.

லெஸ்லி அடுப்படிக்கு வருவது படம் பிடிக்க மட்டும்தான். தட்டைத் துடைத்து, கொத்தமல்லி தூவி, வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுப்பார். 'இன்று என் சமையல்' என்று போடுவார். 'வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் இல்லை என்பது சாக்கு, மனம் இருந்தால் இருபது நிமிடம் போதும்' என்று கீழே எழுதுவார். ஊர் ஊராகப் பெண்கள் லெஸ்லி அண்ணன் என்று போனில் சந்தேகம் கேட்டார்கள். அவர் சோபாவில் கால் நீட்டிப் பதில் சொல்வார். நான் உள்ளே காலிஃபிளவர் பிழிந்துகொண்டிருப்பேன். எரிச்சல்தான், மேடம். வேறு பெரிய வார்த்தை எதுவும் தேட வேண்டாம். இரண்டு வருடம் வயிறு எரிந்தது.

கோயிலிலும் அவரால் மானம் போனது. நற்கருணை அப்பம் கோதுமையில் செய்கிறார்களே என்று பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார். சாமியார் சிரித்துவிட்டு, "ஏடே லெஸ்லி, அது கோதுமை இல்லடே, கர்த்தரோட சரீரம்" என்றார். இவர் அதையும் குழுவில் கேட்டிருப்பார்போல. மறு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எல்லோரும் நன்மை வாங்க வரிசையில் போகும்போது இவர் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வீட்டில் என்ன தகராறோ என்று பார்க்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள்.

இந்த வருடம் மே மாதம் அனுஜாவுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக அப்பம் வாங்குகிற நாள், அவளுக்குக் கல்யாணம் மாதிரி. வெள்ளைக் கவுன், தலையில் பூ வளையம். அவளை மட்டும் வாங்கவிட்டார், சாமியாரிடம் சண்டை போட முடியாதே. ஆனால் விருந்தில் கேக் இல்லை, பிரியாணி இல்லை. வந்த நாற்பது பேருக்கும் அவித்த முட்டையும் ஆட்டுக்கறியும் பாதாமும். என் அண்ணன் என் காதருகே வந்து, "எளா, சோறு எங்கன வச்சிருக்க?" என்று கேட்டான். முட்டைத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன்.

என் தங்கச்சி கைப்பைக்குள் ஒரு மக்ரூன் பாக்கெட் கொண்டுவந்திருந்தாள். தூத்துக்குடியில் பிறந்த பிள்ளைக்குப் புதுநன்மை அன்று ஒரு மக்ரூன்கூடக் கிடையாதா என்று அவளுக்கு ஆற்றாமை. மாடிப்படிக்குக் கீழே வைத்து அனுஜாவுக்கு ஊட்டிவிட்டாள். இனிப்பு என்றால் லெஸ்லிக்கு மூக்கில் வேர்த்துவிடும். வந்தார். பிள்ளையின் தாடையைப் பிடித்தார். "துப்பு" என்றார். அது வாயில் போட்டதும் கரைகிற பண்டம், துப்ப என்ன இருக்கிறது. விரலை விட்டு வழித்தார். வெள்ளைக் கவுனில் எச்சில் வழிந்தது. நாற்பது பேரும் பார்த்தார்கள். சாயங்காலம் அதையும் எழுதினார். 'ஒரு தகப்பனாக இன்று கடினமான முடிவு எடுத்தேன்.' அறுநூறு பேர் கை தட்டினார்கள்.

அன்று அனுஜா என் மடியில் படுத்து ஒன்று கேட்டாள். "மம்மி, டாடிக்கு இது எப்ப சரியாகும்?" அவள் அதை ஒரு வியாதி என்று நினைத்திருந்தாள். எனக்கும் அப்படியே பட்டது. வியாதி என்றால் மருந்து இருக்க வேண்டும்.

டாக்டர் ஜீவமணியின் பழைய சீட்டு என்னிடம் இருந்தது. மருந்துக் கடைக்காரர் முகம் தெரிந்தவர், சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுத்தார். நான் விஷம் எதுவும் வாங்கவில்லை, மேடம். அவர் பெயருக்கு, அவர் டாக்டர், அவர் வியாதிக்கு எழுதிய மாத்திரை. பொடித்து வெண்ணெய் டீயில் கலந்தேன். அந்த டீயின் ருசிக்கு அதில் எதைப் போட்டாலும் தெரியாது.

எனக்கு வேண்டியிருந்தது கொஞ்சம் தலைசுற்றல். தலை சுற்றினால் டாக்டரிடம் போவார், டாக்டர் நாலு திட்டு திட்டுவார், வீட்டில் சோறு பொங்கலாம். அவ்வளவுதான் கணக்கு. முதல் தடவை அவருக்கு வேர்த்தது, கை நடுங்கியது. "டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வருவமா?" என்று கேட்டேன். இதற்குச் சாட்சி அனுஜாவே இருக்கிறாள். அவர் குழுவில் கேட்டார். உடம்பில் உப்புக் குறைந்திருக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் குடியுங்கள் என்றார்கள். குடித்தார். மதியம் மீன் சாப்பிட்டதும் மெல்லத் தெளிந்தது. இரண்டாவது தடவை குளியலறையில் விழுந்து புருவம் கிழிந்தது. அதற்கும் உப்புத் தண்ணீர்தான். மூன்றாவது தடவையும் டாக்டரிடம் போகவில்லை. ஒரு மனிதனுக்கு எத்தனை தடவைதான் எடுத்துச் சொல்ல முடியும்?

ஆகஸ்ட் ஐந்து, பனிமய மாதா திருவிழா. ஊருக்கே லீவு. குழுவில் அன்றைக்கு விரதச் சவாலாம். முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் எதுவும் தின்னவில்லை, திருவிழா அன்று சாயங்காலம்வரை வெண்ணெய் டீ மட்டும்தான் என்றார். அனுஜாவைத் தங்கச்சியோடு பூசைக்கு அனுப்பினேன். பத்து மணிக்கு டீ கொடுத்தேன். அன்று கொஞ்சம் கூடுதலாகவே கலந்தேன். எவ்வளவு என்று ஆய்வுக்கூடம் சொல்லியிருக்கும், அது சரியாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு மணிக்குள் சட்டை நனைந்துவிட்டது. எலுமிச்சைத் தண்ணீர் கேட்டார், உப்புப் போட்டுக் கொடுத்தேன். இன்னொன்று கேட்டார், அதையும் கொடுத்தேன். போனை எடுத்தார், கையில் நிற்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "பிலோ, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இனிப்பா ஏதும் கிடக்கா?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது. எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"வீட்டுல இனிப்பு ஏது? நீங்கதான ஒரு பொட்டு இருக்கக்கூடாதுன்னு சொன்னிய" என்றேன்.

"எதுத்த வீட்டுல கேளேன்ளா."

"எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாவ."

எதிர்வீட்டில் டிவி சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் சோபாவில் சரிந்தார், பேச்சு குழறியது. ஃபேனைக் கூட்டி வைத்தேன். தலைக்குத் தலையணை கொடுத்தேன். இரண்டரை மணிக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். ஏன் அவ்வளவு நேரம் என்று இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். குறட்டை வந்துகொண்டிருந்தது. தூங்குகிறவரை எழுப்பினால் கோபப்படுவார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருந்த நேரம் மிக அதிகம் என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டார்.

மாத்திரையைக் கலந்தது நான். விரதம் என்று தெரிந்தே கலந்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

மக்ரூன் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அடுப்படிக் கூடையில் நீங்கள் எடுத்த பாக்கெட் என்னுடையதுதான். திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பேக்கரியில் வாங்கினேன், அனுஜாவுக்கு. மறுநாளிலிருந்து அவள் வீட்டில் உட்கார்ந்து மக்ரூன் சாப்பிடலாம் என்று முந்தின நாளே எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான், நான் அதை அப்போது யோசிக்கவில்லை.

பாக்கெட்டில் ஒன்று குறைகிறது என்றும் சொன்னீர்கள். அதை நான் சாப்பிட்டேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் தின்னவில்லை. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பிரித்தேன். அப்போது அவருக்குக் கண் திறந்திருந்தது. என் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார், அனுஜா மாடிப்படிக்குக் கீழே திறந்த மாதிரி. அவருக்குக் கொடுத்திருந்தால் மெல்லக்கூட வேண்டியிருக்காது, நாக்கில் வைத்தால் போதும். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் உதடுவரை போனேன், மேடம். ஆனால் இரண்டு வருடம் கட்டிக் காத்த மனிதர். அவர் விரதத்தை என் கையால் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.