மருமகன் வண்டிக்கு ஆயில் மாற்றிய விவரம்

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலை இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், சார். அணைத்துவிட்டு அளந்தால் ஆயில் நிறைய இருப்பதுபோல் காட்டும். அதை நம்பி மூடிவிட்டால் ஓடும்போது பற்றாது. சித்தூரில் கார் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இதில் கோட்டை விடுவார்கள். நான் விட்டதில்லை. அச்சுத்தின் வண்டியில் ஆயில் குறைந்தது கைதவறி நடந்தது என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

அச்சுத் என் மருமகன். என் ஒரே மகள் ஹன்னாவின் கணவன். என் பெயர் இஸ்ரேல். பலமனேர் போகிற சாலையில் ஷெட் வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பம் மிஷன் காலத்திலிருந்தே சித்தூர் கோயிலில் மூன்றாம் பெஞ்சில் உட்காருகிற குடும்பம். ஹன்னா திருப்பதியில் படிக்கப் போனாள். அங்கே இவனைப் பார்த்தாள். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு வந்து எங்கள் காலில் விழுந்தாள். நானும் எழுப்பி நிறுத்தினேன். வேறு என்ன செய்ய முடியும்?

அவன் அப்பா சம்பத்குமார் திருமலைக் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா நாமகிரி. நல்ல மனிதர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இருக்கட்டும். அந்த வீட்டில் என் பெண்ணை அலர்மேல் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஹன்னா என்று பெயர் வைத்தவன் நான். குழந்தை இல்லாமல் ஏழு வருடம் ஜெபம் செய்து பெற்ற பெண்ணுக்கு வேதத்தைத் திறந்து பார்த்து வைத்த பெயர் அது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வருகிற வாரத்தில் அந்தக் குடும்பம் முன்னால் போய் நிற்கும், போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். கல்யாணத்துக்குப் பிறகு வந்த அவள் பிறந்தநாளுக்கு நானும் என் மனைவி லோயிஸும் மட்டும் போய் நின்றோம். போதகர் எங்கள் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார், அங்கே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். பின்னால் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். என்னை யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அந்த இருமலோடு நான் என்ன சண்டை போடுவது? அன்றிலிருந்து அச்சுத் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கோபமாக நினைக்கவில்லை. பல்வலி நிற்க வேண்டும் என்று நினைப்போமே, அப்படித்தான்.

அவனாகவே வந்தான், சார். அவனுக்கு இடது முழங்கால் சரியில்லை, கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் பெங்களூரில் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றை வாங்கியிருந்தான்.

"மாமா, கியர் மார்றச்சே வண்டி உதைக்கறது. ஆயில் மாத்தினா சரியாயிடும்னு சொல்றா. வெளில குடுக்க மனசில்லை. நீங்களே பண்ணிடுங்கோ" என்றான்.

ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். தார் மாதிரி இருந்தது, அடிபிடித்த சோற்று வாடை. வாங்கிய நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. இந்த மாதிரி வண்டி வந்தால் நான் தொடவே மாட்டேன். உள்ளே பிளேட்டெல்லாம் தேய்ந்திருக்கும். தேய்ந்த தூள் ஆயிலில் கலந்து, அந்தத் தூள் கொடுக்கிற பிடிப்பில்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் வைத்துக் கழுவிப் புது ஆயில் விட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். சமதரையில் தெரியாது. மேட்டில் ஏறிச் சூடானால் வழுக்கும். இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்துக் கொடுக்காது, எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். வேறு யாராவது கேட்டிருந்தால், "கை வெக்காதீங்க, ஓடற வரிக்கும் ஓடட்டும்" என்று அனுப்பியிருப்பேன்.

"எங்க போறதுக்கு இவ்ளோ அவசரம்?" என்று அவனைக் கேட்டேன்.

"சனிக்கிழமை அப்பா அம்மாவைத் திருமலைக்கு சேவிக்க அழைச்சுண்டு போறேன், மாமா."

"ஹன்னா?"

"அவ வரமாட்டா. வேற மதத்துக்காரா உள்ள போகணும்னா பெருமாள்மேல நம்பிக்கை இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். பொய்யா எழுத மாட்டேன்னுட்டா. நானும் வற்புறுத்தலை."

அதைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் பெண் இன்னும் என் பெண்தான் என்று தோன்றியது. அவன் அப்பாவும் அம்மாவும் வண்டியில் இருப்பார்கள் என்பதையும் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். "சாயங்காலம் எடுத்துக்கினு போங்க" என்றேன்.

மெஷினை மாட்டிச் சுத்தமாகக் கழுவினேன். புது ஆயில் சிவப்பாக, பார்க்க அழகாக இருக்கும். அதையும் ஒன்றரை லிட்டர் குறைத்தே விட்டேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், பிரேக் கட்டை காகிதம்போல் ஆகியிருந்தது. பிரேக்கைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் லோயிஸ் அவனுக்குத் தோசை வார்த்துப் போட்டாள். சாப்பிடும் முன் நாங்கள் ஜெபித்தபோது அவனும் தலை குனிந்திருந்தான். கிளம்பும்போது எங்கள் வழக்கப்படி வண்டியின் மேல் கைவைத்து, பயணத்தைக் கர்த்தர் காக்க வேண்டும் என்று ஜெபித்தேன். மனதார ஜெபித்தேன், சார். காப்பாற்ற நினைத்தால் காப்பாற்றட்டும் என்று அவர் கையில் விட்டேன். அதற்கு மேல் என் பொறுப்பு எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சனிக்கிழமை சம்பத்குமாருக்குக் காய்ச்சல். நாமகிரி அவரோடு வீட்டில் தங்கிவிட்டாள். தரிசன டிக்கெட் வாங்கிவிட்டதால் அச்சுத் மட்டும் கிளம்பினான். முழங்கால் சரியில்லாதவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் ஹன்னா துணைக்கு ஏறிக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி பக்கச் சுவரில் மோதியது. இடித்தது அவள் உட்கார்ந்திருந்த பக்கம். அவனுக்குத் தோளெலும்பு மட்டும் முறிந்தது.

உடலை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். அச்சுத்தே சொன்னானாம், அவளுக்கு உங்கள் முறைப்படி செய்யுங்கள் என்று. மிஷன் கல்லறைத் தோட்டத்தில் ஹன்னா இஸ்ரேல் என்று கல் வைத்தேன். சபை முழுக்க வந்தது. அன்றைக்கு யாரும் இருமவில்லை. லோயிஸ்தான் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை.

நானாகவே ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்கிறீர்கள். நீங்கள் அவன்மேல் கவனக்குறைவாக ஓட்டியதாகக் கேஸ் போட்டிருக்கிறீர்கள். அவனும் கட்டுப்போட்ட கையோடு போகிற இடமெல்லாம் "நான்தான் அவளைக் கொன்னுட்டேன்" என்று அழுகிறான். எல்லாரும் அவனுக்கு ஆறுதல் சொல்கிறார்கள். போதகர்கூட அவனுக்காக ஜெபித்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. உயிரோடிருந்தபோது அவளை எடுத்துக்கொண்டான். அவள் சாவையும் அவன் பெயரில் எழுதிவைக்க நான் விடமாட்டேன்.

அவள் வண்டியில் இருந்தது எனக்குத் தெரியுமா என்று முதலில் கேட்டீர்கள். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். தெரியும். இறங்குவதற்கு முன் மேலேயிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"நைனா, ஹன்னா பேசறேன். நான் உள்ள போவல, கோச்சிக்காத. வண்டிலியே குந்திக்கினு இருந்தேன். மல ஏறச்சொல்ல வண்டி இழுக்கவே இல்ல நைனா, சத்தம்தான் போடுது. இதுலியே எறங்கலாமா? இல்ல இங்கியே வுட்டுட்டு வந்துடலாமா?"

விட்டுவிட்டு வா என்றுதான் வாயைத் திறந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது அந்தப் பக்கம் அவன், "அலர்மேல், மாமா என்ன சொல்றார்?" என்றான். அவள் என்னை விட்டுத் திரும்பி, "தோ, இருங்க" என்றாள். அந்தப் பெயருக்கு அத்தனை இயல்பாகத் திரும்பினாள், சார்.

"புது ஆயில் அப்டித்தான் இருக்கும். ஒண்ணும் ஆவாது, எறங்கு" என்றேன்.

"சரி நைனா" என்று வைத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்து, ஒற்றைக் கையால் என் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "பஸ்ல எறங்கிடலாம்னு நான் எவ்வளவோ சொன்னேன், மாமா. அவ கேக்கலை. எங்க நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும்னுட்டா."

அவனைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். புருஷன் பேச்சைக் கேட்கவில்லை, சார். கடைசியில் என் பேச்சைத்தான் கேட்டாள்.