ஈத்0 என்ற பழைய பெயர்

வில்மர் என்னைப் பார்க்க ஆறு மணி நேரம் பேருந்தில் வருகிறான். மாதத்தின் முதல் ஞாயிறு. மலைநகரான கீத்தோவின் குளிர் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் வாழைக்காய் உருண்டையும் காப்பியும் சூடாக வைத்திருப்பேன். அவன் மகள் லிசேத்துக்கு நான் ஞானத்தாய். அந்த முறையில் என்னை இன்னமும் கோமாத்ரே என்றே கூப்பிடுகிறான்; எனக்கு அவன் கோம்பாத்ரே.

கீழே ஆற்றங்கரை ஊரில், வெள்ள எச்சரிக்கை அறையில் இருவரும் வேலை பார்த்தோம். ஆற்றின் நீர்மட்டத்தை ஒரு லினக்ஸ் கணினி கேட்டுக்கொண்டிருக்கும். நீர் ஏறினால் சங்கு ஊதும். அதை நிறுவியவள் நான். நீர்மட்டம் வந்து சேரும் நெட்வொர்க் கார்டுக்கு ஈத்0 என்று பெயர். நிரல் முழுக்க அந்தப் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

வில்மர் தலைமைக்கு வந்ததும் புதிய பதிப்பு போடலாம் என்றான்.

“இது கம்ப்யூட்டர் இல்ல கோமாத்ரே, மியூசியம். டிக்கெட் போட்டுக் காட்டலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதிய பதிப்பில், கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துத்தான் அதற்குப் பெயர். ஈத்0 என்று ஒன்று இருக்காது. நிரலோ, அந்த இல்லாத கார்டையே கேட்டுக்கொண்டிருக்கும். எண் எதுவும் வராவிட்டால் ஆறு அமைதியாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதுவும் நான் எழுதிய வரிதான். பழைய பெயரைப் பூட்டிவைக்க ஒரு சிறு கோப்பு போதும்.

வில்மர் புதிய பதிப்பைப் போட்டு, கணினியை அணைத்து மறுபடி தொடங்கினான். சோதனைப் பொத்தானை அழுத்தினான். சங்கு ஊதியது; பொத்தான் இணைந்திருந்தது வேறு கார்டில். நிம்மதியாக வீட்டுக்குப் போனான். ஜூலையில் எங்கள் பக்கம் மழை கிடையாது. அன்று இரவு மலையில் பெய்தது. சங்கு ஊதாமலே ஆறு ஏறியது.

பள்ளத்துத் தெருவில் பதினொரு பேரை ஆறு கொண்டுபோனது. லிசேத்தையும்.

பெயரைப் பூட்டும் அந்தக் கோப்பை எழுதியதாகவே விசாரணையில் வில்மர் சொன்னான். கணினியில் அது இல்லை. யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவனுக்கே நம்பிக்கை போய்விட்டது. நான் மட்டும் அவன் பக்கம் நின்றேன். களைப்பில் யாருக்கும் மறக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அதற்குத்தான் இன்றும் நன்றி சொல்கிறான்.

இங்கே பக்கத்தில் ஆறு இல்லை. ஆனாலும் காப்பி கொதித்து அடங்கியதும் எனக்குக் காது கூர்மையாகிவிடுகிறது. ஊதாத சங்கு நன்றாகவே கேட்கிறது.

இன்று உருண்டையைப் பிய்த்துக்கொண்டே, தின்னாமல் கேட்டான்.

“கோமாத்ரே, நான் எழுதினேனா இல்லையா? எழுதலைன்னாலும் பரவாயில்ல. தெரிஞ்சா தூங்குவேன்.”

அவன் கோப்பையில் காப்பியை நிரப்பினேன்.

“எழுதினீங்க, கோம்பாத்ரே. நீங்க அணைக்கறதுக்கு முன்னாடி நான் அதை அழிச்சேன். எண் வரலைன்னு காலையில என்னைக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன்.”